மாரிக்கு முதல் வைப்பர்

யாழ்ப்பாணத்தில் வைப்பர் பழுதாவது கோடையில், அது தெரியவருவது மாரியில். வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் மழையைக் கொண்டுவந்து கொட்டி, மார்கழியோடு ஓய்ந்துவிடும். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள்தான். மிச்சக் காலத்தில் சித்திரையில் இடியோடு ஒன்றிரண்டு மழை பெய்தால் உண்டு. அவ்வளவு நாளும் வைப்பர் கொதிக்கிற கண்ணாடியில் ஒரே இடத்தில், ஒரே பக்கம் சரிந்தபடி கிடக்கிறது. றப்பர் அந்தச் சரிவிலேயே இறுகிப்போகிறது. கடற்காற்று வைப்பர் கை திரும்புகிற முளைக்குள் உப்பை ஏற்றுகிறது. கண்ணாடிக்குக் கீழே வேப்பஞ்சருகு நிறைகிறது. பிறகு ஒருநாள் பின்னேரம் வானம் இருண்டு, அவசரமாகச் சுவிச்சைப் போட்டால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணாடி முன்னிலும் மோசமாக இருக்கும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகளை நல்லூர்க் கொடி இறங்கின கையோடு செய்துவிடுங்கள். தேர், தீர்த்தம், பூங்காவனம் முடிந்த கிழமையில் வெயில் இருக்கும், கறாச்சில் நெரிசல் இருக்காது. முதல் மழைக்கு அடுத்தநாள் போனால் உங்கள் அளவு றப்பர் மட்டும் கடையில் முடிந்திருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததைத் திருத்தி ஓடிப் பழகின ஆட்கள் நாங்கள். வைப்பர் விஷயத்தில் அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். 'மோட்டர் போச்சு' என்று சொல்லி மாற்றப்படுகிற மோட்டர்களில் பல, உண்மையில் போகாதவை. வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலையானதுக்கு என்று ஒழுங்காகப் போனால் அது உங்களுக்கே தெரியவரும்.

கையால் ஆட்டிப் பார்த்தல்

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை இரவு, வேலணையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வானில் திரும்பிக்கொண்டிருந்தோம். பண்ணைப் பாலத்தில் ஏறினதும் மழை பிடித்தது. இரண்டு பக்கமும் கடல், நிறுத்த ஒதுங்கிடம் இல்லை. நடுவழியில் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு வைப்பரும் பாதியில் நின்றுவிட்டன. சுவிச்சை நிற்பாட்டிப் போட்டால் மோட்டர் மட்டும் உறுமுகிறது.

"மச்சான், பின்னால கயிறு கிடக்கு, எடுக்கட்டே?" என்றான் என் மனைவியின் தம்பி.

கூடாரத் தகடு கட்டின நைலோன் கயிறு அது. வலப்பக்க வைப்பரில் ஒரு முனையைக் கட்டி என் யன்னலால் உள்ளே எடுத்தேன். இடப்பக்கத்தில் மற்றதைக் கட்டி அவன் எடுத்தான். நான் இழுக்க அவன் விட, அவன் இழுக்க நான் விட, உருட்டி உருட்டி நகருக்கு வந்து சேர்ந்தோம். 1903இல் அமெரிக்காவில் மேரி அண்டர்சன் காப்புரிமை எடுத்த வைப்பரும் உள்ளேயிருந்து கையால் இயக்குவதுதான் என்று பிறகு வாசித்தபோது சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கயிற்றால் இழுக்க வைப்பர் ஏன் இணங்கியது என்பதுதான் இங்கே பாடம்.

வைப்பர் மோட்டருக்குள் திருகுப்பல் ஒன்று இருக்கிறது. அது பல்லுச் சக்கரத்தைச் சுற்றும், ஆனால் சக்கரத்தால் அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. ஆகவே எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிற காரில் வைப்பர் கையைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் ஓரிரு சென்ரிமீற்றர் அசைந்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சும்மா ஆடினால் மோட்டருக்கும் இணைப்புக் கம்பிக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கையின் நட்டு இளகியிருக்கும், அல்லது அடியிலுள்ள பல்லுகள் தேய்ந்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, பலவந்தம் பண்ணாமல் இதைச் செய்து பாருங்கள். அரை நிமிடம் போதும். ஒரு ஸ்பனரையும் தொடாமலே பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வானில் மோட்டரின் கைக்கும் கம்பிக்கும் நடுவிலிருந்த பிளாஸ்ரிக் புஷ் காய்ந்து வெடித்திருந்தது. சின்னவிரல் நுனி அளவுச் சாமான். 'மோட்டர் செற்றோடு மாற்ற வேணும்' என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். ஸ்ரான்லி வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கினதில் வேறொரு காரின் புஷ் பொருந்தியது.

றப்பரும் கண்ணாடியும்

வைப்பர் ஓடுகிறது, ஆனால் துடைக்கவில்லை என்றால் முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் விரித்த சீலைபோலப் பரவி இறங்கினால் கண்ணாடி சுத்தம். முத்து முத்தாக நின்றாலோ வாய்க்கால் வாய்க்காலாக ஓடினாலோ அதில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. பஸ்சுகளின் டீசல் புகை ஒரு காரணம். மாமரம் இன்னொன்று. மாம்பூக் காலத்தில் மரத்தின் கீழ் ஒரு கிழமை கார் நின்றால், பூவில் இருக்கிற தத்துப்பூச்சி சொரிகிற தேன்பசை கண்ணாடியில் மெல்லிய கோந்துபோல் படிந்துவிடும். அதில் செம்மண் புழுதி ஒட்டும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கென்றே உள்ள கோளாறு கிணற்றுத் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் வெயிலில் கழுவித் துடைக்காமல் விட்ட கண்ணாடியிலும் படிகிறது. நகத்தால் சுரண்டினால் தட்டுப்படும். புது றப்பரைப் போட்டாலும் அந்தச் சொரசொரப்பில் ஒரு மாதத்தில் விளிம்பு அரிந்துவிடும். வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்து, நிழலில் நின்ற குளிர்ந்த கண்ணாடியில் பத்து நிமிடம் போர்த்திவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். தேசிக்காய்ப் பாதியால் தேய்ப்பதும் அதே வேலையைச் செய்யும். கடைசிக் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

அதற்குப் பிறகு றப்பர். பிளேட்டை உயர்த்திச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் விளிம்பை இழுத்துத் துடையுங்கள். முதல் இழுவையில் துணியில் கறுப்புக் கோடு வரும். மூன்றாவது இழுவையிலும் அதே கறுப்பு வந்தால் றப்பரே கரைகிறது, மாற்றுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு எதையும் மண்ணெண்ணெயால் கழுவித்தான் பழக்கம். சங்கிலிக்கு அது சரி, றப்பரை ஊதவைத்து நெளியவைக்கும். தேங்காய் எண்ணெய் பூசினால் இன்னும் மோசம், அடுத்த மழையில் கண்ணாடி முழுக்க மெழுகும்.

கண்ணாடியில் விடுபடுகிற தண்ணீரே பழுதைச் சொல்லும். எப்போதும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் அந்த இடத்தில் றப்பரில் வெட்டு, அல்லது மணல் ஒட்டியிருக்கிறது. அகலமான பட்டை துடைபடாமல் நின்றால் பிளேட்டின் சட்டம் வளைந்து அங்கே அழுத்தம் இல்லை, றப்பரை மாற்றிப் பயனில்லை. துடைத்த இடம் பால்போல் மங்கி மெதுவாகத் தெளிந்தால் மேலே சொன்ன எண்ணெய்ப்பசை.

வாங்கும்போது பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஜப்பான் கார்களில் சாரதி பக்கத்துப் பிளேட் நீளம், மற்றது கட்டை. நீளம் அங்குலக் கணக்கில் சொல்லப்படும். சட்டம் நல்லதாக இருந்தால் றப்பரை மட்டும் மாற்றலாம். அதன் இரண்டு பக்கமும் ஓடுகிற மெல்லிய உருக்குக் கீலங்களைப் பழைய றப்பரிலிருந்து வளையாமல் இழுத்து, முன்பு இருந்த அதே பக்கம் பார்த்துப் புதிதில் நுழைக்க வேண்டும். தெருவோரத்தில் அரைவிலைக்கு விற்கிறவற்றை நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு மாரிக்கு வந்தன, அவ்வளவுதான். ஒரு மாரிக்கு வந்தால் போதாதா என்று கேட்டால், உண்மையில் போதும். எங்கள் வெயிலில் விலையுயர்ந்த றப்பரும் இரண்டு கோடை தாண்டுவது கடினம்.

பிளேட்டைக் கழற்றுமுன் கண்ணாடியில் மடித்த துவாய் ஒன்றைப் போடுங்கள். பிளேட் இல்லாத வெறுங்கை ஸ்பிரிங் வலுவோடு கண்ணாடியில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு தடவை கேட்டேன். சின்னச் சத்தம். அந்த மாதச் சம்பளம் அதோடு முடிந்தது.

துள்ளும் வைப்பர்

ஒரு பக்கம் போகும்போது வழுக்கிப் போய், திரும்பி வரும்போது தவளைபோலத் துள்ளினால் றப்பர் ஒரு பக்கம் சரிந்து இறுகியிருக்கிறது, அல்லது கை முறுகியிருக்கிறது. புது றப்பர் போட்டும் துள்ளினால் கைதான். கார் கழுவுகிற பெடியன் பிளேட்டை ஒரு பக்கமாக இழுத்துத் தூக்குவதே இதற்குப் போதும்.

வைப்பரை நடுக்கண்ணாடியில் நிற்பாட்டிவிட்டு (ஓடும்போது சாவியைத் திருப்பினால் நின்றுவிடும்) பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். றப்பரின் விளிம்பு கண்ணாடிக்கு நேர் நட்டாக நிற்க வேண்டும். சரிந்து நின்றால் பிளேட்டைக் கழற்றி, கையின் கொக்கிக்கு மேலே துணி சுற்றி இரண்டு குறட்டால் பிடித்து மிகச் சிறிதாக முறுக்குங்கள். மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரே முறுக்கில் சரியாக்க நினைத்தால் மறுபக்கம் துள்ளத் தொடங்கும்.

வெயிலில் வைப்பரைத் தூக்கி நிறுத்துவது நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். றப்பருக்கு நல்லது. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு நல்லதில்லை, காகத்துக்கு மிக நல்லது. நிழலில் நிறுத்துங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் மாதத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளித்து ஐந்தாறு வீச்சு ஓட விடுங்கள். காய்ந்த கண்ணாடியில் மட்டும் ஓட்டாதீர்கள்.

தட்டிக்குக் கீழே

கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் தட்டி ஒன்று இருக்கும். வைப்பர் கைகளைக் கழற்றினால் அதைத் தூக்கலாம். கையைக் கழற்றுமுன் பிளேட் படுத்திருக்கிற இடத்தைக் கண்ணாடியில் ஒட்டுத்தாளால் அடையாளம் வையுங்கள். மூடியைத் திறந்தால் நட்டுத் தெரியும், காருக்கேற்ப 10, 12 அல்லது 14ஆம் இலக்க ஸ்பனர். நட்டு வந்தபிறகும் கை பிடித்துக்கொண்டிருந்தால் துருத் தைலம் விட்டு, கையைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து எடுங்கள். கீழே திருப்புளியை வைத்து நெம்பினால் கண்ணாடி போகும்.

தட்டியைத் தூக்கினால் அங்கே ஒரு சின்னத் தோட்டம் இருக்கும். வேப்பஞ்சருகு, வேப்பம்பூ, முருங்கை இலை. முருங்கை இலைதான் கொடிது. பொடிப்பொடியாக இறங்கி, தண்ணீர் வெளியேறுகிற துளையைக் களிபோல் அடைத்துவிடும். பிறகு மழைத்தண்ணீர் அங்கேயே நின்று மோட்டரையும் கம்பிகளையும் ஊறப்போடும். கையால் அள்ளி, துளைகளில் வயர்த்துண்டை விட்டுக் குத்தி, தண்ணீர் ஊற்றி அது காருக்குக் கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். மோட்டர் பழுதுகளில் எத்தனையோ இந்த அடைபட்ட துளையில் தொடங்கியவை.

அடுத்து, மோட்டரின் கையிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு முளைகளைக் கையால் அசையுங்கள். இலேசாக அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால், வைப்பர் மெதுவாக ஊர்ந்ததற்கும் மோட்டர் சூடானதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையிலும் தீவுப்பகுதியிலும் ஓடுகிற வாகனங்களில் இது வழமை. அலுமினியக் கூட்டுக்குள் உருக்கு முளை. உப்பு ஏறினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து முளையை நெரிக்கும். மேலே தைலம் தெளித்தால் இரண்டு கிழமை ஓடும், பிறகு பழைய கதை. மேலே இருக்கிற வளையப் பூட்டைக் கழற்றி முளையைக் கீழ்ப்பக்கமாக எடுத்து, எமறித்தாளால் துருவைப் போக்கி, துளையையும் துடைத்து, லிதியம் கிறீஸ் பூசித் திரும்பப் போட வேண்டும். அரைநாள் வேலைதான், ஆனால் பல மாரிக்குத் தாங்கும்.

கையின் அடிப்பல்லுகள் தேய்ந்து முளையில் வழுக்கினால், கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி நட்டை இறுக்கிப் பாருங்கள். மெல்லிய சோடாத் தகரத்தை இடையில் வைத்து இறுக்கினால் வீடு போய்ச் சேரலாம். அதோடு கையை மாற்றுங்கள்.

மின்சாரம்

சுவிச்சைப் போட்டால் ஒரு சத்தமும் இல்லையா? பியூஸ். ஜப்பானிலிருந்து நேராக இறங்கின காரில் பியூஸ் பெட்டி மூடியின் எழுத்து ஒருவருக்கும் விளங்காது. கைத்தொலைபேசியின் கமெராவைப் பிடித்தால் மொழிபெயர்த்துவிடும். பியூஸின் நிறமே அளவையும் சொல்லும்: நீலம் 15 அம்பியர், மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. எது இருந்ததோ அதையே போடுங்கள். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுகிற பழக்கம் இன்னும் விடவில்லை. 90களின் பொருளாதாரத் தடையில், மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிசும் ஓடின நாட்களில், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு அது வயரை எரிக்கிற வேலை. புது பியூஸ் போட்டதும் திரும்ப எரிந்தால் மோட்டர் இறுகியிருக்கிறது, அல்லது எங்கோ வயர் உரசி உடம்பில் தொடுகிறது.

பியூஸ் நல்லதென்றால் 12 வோல்ற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் இணைத்துக்கொள்ளுங்கள். சாவியையும் சுவிச்சையும் போட்டு மோட்டரின் பிளக்கில் பாருங்கள். ஒரு வயர் பற்றறியின் மைனசில், மற்றது பிளக்கின் ஊசிகளில். பல்ப் எந்த ஊசியிலும் எரியாவிட்டால் பழுது சுவிச்சிலோ றிலேயிலோ. எரிந்தும் மோட்டர் அசையாவிட்டால் உடனே மோட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். பற்றறியின் மைனசிலிருந்து ஒரு வயரை மோட்டரின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். ஓடத் தொடங்கினால் ஏர்த் இல்லாததுதான் குறை. ஏர்த் நட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினால் முடிந்தது. பிளக்கைத் திறக்கும்போது ஊசிகளில் பச்சைத் தூள் இருந்தால் அதுவும் உப்பின் வேலை.

ஏர்த் கொடுத்தும் ஓடாத மோட்டரைத் திருப்புளிப் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். ஓடினால் உள்ளே காபன் தேய்ந்திருக்கிறது. வைப்பர் மோட்டரில் பொதுவாக மூன்று காபன்: ஒன்று பொது, ஒன்று மெதுவுக்கு, ஒன்று வேகத்துக்கு. மெதுவில் ஓடாமல் வேகத்தில் மட்டும் ஓடினால் மெதுவுக்கான காபனையும் சுவிச்சையும் பாருங்கள். டிறில், கிறைண்டர் காபனை அரத்தில் தேய்த்து அளவாக்கிப் போடுகிற வைண்டிங் கடைக்காரர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய மோட்டர் எடுப்பிப்பதற்கு முதல் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.

சுவிச்சை நிற்பாட்டினதும் வைப்பர் கீழே போய்ப் படுக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால், மோட்டரின் பல்லுச் சக்கரத்தோடு இருக்கிற தட்டும் அதில் தொடுகிற தகடுகளும் அழுக்காகியிருக்கும். சுவிச்சை நிற்பாட்டின பிறகும் வைப்பரைப் படுக்கும் இடம்வரை ஓட்டுவது அந்தத் தொடுகைதான். திறந்து துடைத்து, தகடுகளைச் சற்று நிமிர்த்தினால் சரி. பல்லுக்குக் கிறீஸ் வைக்கும்போது தட்டில் படாமல் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது மோட்டரை ஒருதடவை ஓட்டி நிற்பாட்டி, அது படுக்கும் நிலைக்கு வந்தபிறகே கைகளை ஒட்டுத்தாள் அடையாளத்தில் மாட்ட வேண்டும். இதை மறந்தால் பிளேட் பொனற்றில் அடிக்கும்.

மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அதில் கம்பிக்கூட்டு இல்லை. குழாய்க்குள் பல்லுச் சுற்றின இழைக்கம்பி ஒன்று முன்பின் ஓடி முளைச் சக்கரங்களைத் திருப்பும். மெதுவானால் அந்தக் கம்பியை உருவி, துடைத்து, கிறீஸ் போடுங்கள். பற்றறியின் பிளஸ்தான் அதில் ஏர்த். மேலே சொன்ன பல்ப் சோதனையை மாற்றிச் செய்ய வேண்டும்.

தண்ணீர் பீச்சும் துளை

புழுதிக் கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சாவிட்டால் வைப்பர் எமறித்தாளாகிவிடும். பொத்தானை அழுத்திக் காது கொடுங்கள். பம்பின் சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால் குழாய் கழன்றிருக்கும், அல்லது துளை அடைத்திருக்கும். அடைப்பது பெரும்பாலும் அதே சுண்ணாம்பு. தையல் ஊசியால் துளையைக் குத்தி, அதே ஊசியால் பீச்சும் திசையையும் கண்ணாடியின் நடுவுக்குத் திருப்பலாம். பெரிதாகக் குத்தாதீர்கள், பீச்சாமல் வடியும். தாங்கியில் கிணற்றுத் தண்ணீர் இருந்தால் உருவி ஊற்றிவிடுங்கள். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழையில் பீலித் தண்ணீரைத் துணியால் வடித்துப் பிடித்து, நாலைந்து போத்தல் மூடி வைத்தால் அடுத்த கோடைக்குப் போதும். போத்தலின் மேல் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றைத் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டார்கள்.